ஒரு நொடி நிற்றல்

அமெரிக்கக் கால்பந்தை முதன்முறையாகக் காண்பவருக்கு அது ஒரு விளையாட்டாகவே தோன்றுவதில்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் பூண்ட இருபத்திரண்டு பேர் நான்கைந்து நொடிகள் முட்டி மோதுகிறார்கள், ஊதல் ஒலிக்கிறது, பிறகு அரை நிமிடம்போல எதுவுமே நடப்பதில்லை. மீண்டும் மோதல், மீண்டும் ஊதல். பந்தைக் காலால் உதைப்பதே அரிதான ஓர் ஆட்டத்திற்குக் கால்பந்து என்று பெயர் வைத்ததும் நம்மவர்களுக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. இலக்கிய நண்பர்களிடம் இவ்வாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புன்னகைதான். முரட்டுத்தனத்திற்குச் சீருடை அணிவித்திருக்கிறார்கள், அதில் பேச என்ன இருக்கிறது என்பது அப்புன்னகையின் பொருள்.

மோதலைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். மோதலுக்கு முந்தைய ஒரு நொடியைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். அந்த ஒரு நொடியில் தாக்கும் அணியின் பதினொருவரும் சிலைபோல் நின்றாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. என்னிடம் பயின்று இப்போது அமெரிக்காவில் பணிபுரியும் மாணவர் ஒருவர் அண்மையில் மடலில் இப்படி எழுதியிருந்தார்: "ஐயா, அருமையான ஓர் ஓட்டம், எண்பது கஜம் ஓடி எல்லையைத் தொட்டுவிட்டான். பந்து எடுக்கப்படும்போது வேறு எவனோ ஒருவன் ஓரத்தில் அரையடி நகர்ந்தானாம். எல்லாம் செல்லாது என்று அழித்துவிட்டு ஐந்து கஜம் பின்னுக்கும் தள்ளிவிட்டார்கள். இலக்கண ஆசிரியர்களைவிட மோசமானவர்களாக இருக்கிறார்கள்." கடைசி வாக்கியம் யாரை நோக்கி எய்யப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. அம்மாணவரின் எரிச்சல் பொதுவானது. அங்குள்ள பார்வையாளர்களில் பலருக்கும் இருப்பது. ஆனால் அந்த விதி அற்பமானது என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஆட்டத்தின் விதிநூலில் காக்கப்பட வேண்டிய முதல் விதி அதுவே என்பது என் துணிபு. ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

*

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். பந்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் ஊடாக ஆடுகளத்தின் குறுக்கே ஓடும் கற்பனைக் கோட்டிற்கு ஸ்கிரிம்மேஜ் கோடு என்று பெயர். தாக்கும் அணியின் பதினொருவரில் எழுவராவது அக்கோட்டில் நிற்க வேண்டும். நடுவில் குனிந்திருக்கும் சென்டர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்கிடம் தருகிறார். இதுவே ஸ்னாப். ஆட்டம் உயிர் பெறுவது அக்கணத்தில்தான்.

ஸ்னாப்பிற்கு முன் நடக்கக்கூடிய அசைவுகளை விதிநூல் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, ஷிஃப்ட். இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே நேரத்தில் இடம் மாறுவது. மாறலாம், ஆனால் மாறி முடித்தபின் பதினொருவரும் முழுதாக ஒரு நொடி அசையாது நிற்க வேண்டும். இரண்டாவது, மோஷன். அந்த ஒரு நொடி கழிந்தபின் ஒரே ஒருவர் மட்டும் ஓடத் தொடங்கலாம். ஸ்னாப் நிகழும் கணத்திலும் அவர் ஓடிக்கொண்டிருக்கலாம். பக்கவாட்டிலோ பின்னோக்கியோ ஓடலாம். கோட்டை நோக்கி முன்னேறுவது மட்டும் கூடாது. மூன்றாவது, ஃபால்ஸ் ஸ்டார்ட். ஆட்டம் தொடங்கிவிட்டது என்று எதிரணி நம்பும்படி வெடுக்கென்று அசைவது. கோட்டின் நடுப்பகுதியில் கையைத் தரையில் ஊன்றிவிட்ட ஒருவர் அதை எடுத்தாலே குற்றம். மூன்றிற்கும் தண்டனை ஐந்து கஜம். ஃபால்ஸ் ஸ்டார்ட் நேர்ந்தால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படும். மற்ற இரண்டிலும் ஆட்டம் ஓடி முடியும். தண்டனையை ஏற்பதா, நடந்ததை அப்படியே விடுவதா என்று எதிரணி பிறகு தேர்ந்துகொள்ளும். என் மாணவர் கண்டது இந்த வகை.

தடுக்கும் அணிக்கு இக்கட்டுகளில் எதுவும் இல்லை. ஸ்னாப் வரை அவர்கள் நடக்கலாம், ஓடலாம், இடம் மாறலாம், முன்னே பாய்வதுபோல் பாவனை செய்து பின்வாங்கலாம். ஸ்னாப் நிகழும்போது கோட்டின் தம் பக்கத்தில் இருந்தால் போதும்.

இலக்கணம் பயின்றோருக்கு இந்த அமைப்பு அந்நியமானது அன்று. பதினொருவரும் நிற்பது வழாநிலை. இருவர் அசைவது வழு. ஒருவர் மட்டும் பக்கவாட்டில் ஓடுவது வழுவமைதி. எந்த வழுவை அமைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்பதில்தான் ஓர் இலக்கணத்தின் அறிவு வெளிப்படும். இவ்விதியை வகுத்தவர்கள் அதை எங்கிருந்து கற்றார்கள் என்று தேடிப்போனால் ஒரு துயர வரலாறு கிடைக்கிறது.

*

ரக்பியிலிருந்து இந்த ஆட்டம் பிரிந்தது 1880-இல் என்று கூறலாம். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேம்ப் அவ்வாண்டில் அணிக்குப் பதினொருவர் என்ற எண்ணிக்கையையும் ஸ்கிரிம்மேஜ் முறையையும் கொண்டுவந்தார். ரக்பியில் பந்து இரு தரப்பிற்கும் பொது; முட்டி மோதிக் கைப்பற்ற வேண்டும். கேம்பின் மாற்றத்திற்குப் பின் பந்து ஓர் அணியின் உடைமை. எப்போது ஆட்டத்தைத் தொடங்குவது என்பது அந்த அணியின் விருப்பம். ஒரு தரப்பிற்குத் தொடக்கம் எப்போது என்று தெரியும், மறு தரப்பிற்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வந்த எல்லா விதிகளும் இதற்குப் பதில் தேடியவைதான்.

1892 நவம்பரில் ஹார்வர்டும் யேலும் மோதின. ஹார்வர்டுக்கு உத்தி வகுத்துத் தந்தவர் லோரின் டிலாண்ட் என்ற பாஸ்டன் நகர வணிகர். அவர் இந்த ஆட்டத்தை ஆடியவர் அல்லர். சதுரங்கத்தில் ஈடுபாடு கொண்டவர், நெப்போலியனின் போர்முறைகளைப் படித்தவர். எதிரியின் ஒரு புள்ளியில் தன் முழு எடையையும் வேகத்தோடு குவிப்பது என்ற போர்க்களப் பாடத்தை அவர் ஆடுகளத்திற்குக் கொண்டுவந்தார். ஹார்வர்டு ஆட்டக்காரர்கள் இரு கூட்டமாகப் பிரிந்து வெகுதொலைவில் நின்றார்கள்; அங்கிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து பந்து இருக்கும் இடத்தில் ஒன்றுசேர்ந்து ஆப்பு வடிவம் கொண்டார்கள்; அதன் நடுவே பந்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்த எதிரணியைப் பிளந்தார்கள். பறக்கும் ஆப்பு என்று அதற்குப் பெயர். அன்றைய ஆட்டத்தில் யேல்தான் 6–0 என்று வென்றது என்றாலும் மறு ஆண்டே நாடெங்கும் கல்லூரிகள் ஆப்புகளைச் செதுக்கத் தொடங்கின.

நின்றுகொண்டிருக்கும் ஒருவன் மீது ஓடிவரும் பத்துப் பேர் மோதினால் என்ன ஆகும் என்பதற்குப் பௌதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. 1894-இல் பறக்கும் ஆப்பு தடைசெய்யப்பட்டது. ஆனால் அதன் சிறிய வடிவங்கள் தொடர்ந்தன. முன்கூட்டியே ஓடத் தொடங்குவது, ஒருவரோடு ஒருவர் கைகோத்துக்கொள்வது, பந்து வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து தள்ளுவது ஆகியவை கோட்டின் அருகே நடந்துகொண்டே இருந்தன. 1905-ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்தார்கள் என்று 'சிகாகோ டிரிப்யூன்' நாளேடு கணக்கிட்டது. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி இளைஞர்களும். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் ரக்பிக்குத் திரும்பின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபர் 9 அன்று ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்படுத்துமாறு வலியுறுத்தினார். அவருடைய மகனே அவ்வாண்டு ஹார்வர்டு முதலாண்டு மாணவர் அணியில் ஆடிக்கொண்டிருந்தான்.

1906-இல் முன்னோக்கிப் பந்தெறிதல் அனுமதிக்கப்பட்டது; இரு கோடுகளுக்கும் இடையே பந்தின் நீள அளவுக்கு ஒரு நடுநிலப் பகுதி உண்டாக்கப்பட்டது. 1909-இல் மீண்டும் மரணங்கள் நேர்ந்தன. 1910-இல் எழுவர் கோட்டில் நிற்க வேண்டும் என்றும், பந்து வைத்திருப்பவரைத் தள்ளுவதும் இழுப்பதும் கூடாது என்றும் விதி வந்தது. 'எழுவர் கோட்டில்' என்ற தொடரை இன்று வாசிப்பவருக்கு அது வெறும் எண்ணாகத் தெரியும். பின்னால் கூட்டம் சேர்த்து ஓடிவர ஆள் இல்லாமல் செய்வதற்கான எண் அது. விதிநூலின் வறண்ட வாக்கியங்களுக்குக் கீழே இப்படிச் சில கல்லறைகள் இருக்கின்றன.

*

ஆப்பு ஒழிந்தபின் வந்தது அழகான ஒன்று. ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஜான் ஹைஸ்மன், மினசோட்டாவில் ஹென்றி வில்லியம்ஸ், நோட்டர் டேமில் நூட் ராக்னி ஆகிய பயிற்சியாளர்கள் ஷிஃப்டை ஒரு கலையாக வளர்த்தார்கள். ராக்னியின் நான்கு பின்வரிசை ஆட்டக்காரர்களும் முதலில் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் நிற்பார்கள். பிறகு ஒரே தாளத்தில் குதித்து ஒரு சதுரமாக இடம் மாறுவார்கள். கால்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே பந்து எடுக்கப்படும். பார்ப்பதற்கு நடனம். எதிரணிக்கு அது பேரிடர், ஏனெனில் நிற்காத உடலின் வேகம் அப்படியே மோதலுக்குள் போய்விடுகிறது. நின்றார்களா என்று நடுவரிடம் கேட்டால் நின்றார்கள் என்பார். எதிரணியிடம் கேட்டால் இல்லை என்பார்கள். 'நிற்க வேண்டும்' என்று மட்டும் விதி சொன்னால் நிற்றல் என்பது எவ்வளவு நேரம் என்ற கேள்வி எழும் அல்லவா? 1927-இல் விதிக் குழு அதற்கு அளவு சொன்னது. முழுதாக ஒரு நொடி.

ராக்னி அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஷிஃப்டின் உயிரே போய்விடும் என்று அவருடைய தரப்பினர் கருதினார்கள். நடந்தது என்ன? 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ராக்னியின் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. கட்டுப்பாடு கலையைக் கொன்றுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு நொடி நின்ற பின்னும் அவருடைய ஆட்டக்காரர்கள் எதிரணியைவிடச் சரியான இடத்தில் நின்றார்கள். நடனத்திலிருந்து விதி எடுத்துக்கொண்டது திருட்டு வேகத்தை மட்டுமே.

அந்த விதி விட்டுவைத்த ஒற்றை ஓட்டக்காரர் பிறகு ஒரு பெரிய கதையானார். சிகாகோ பேர்ஸ் அணியின் பயிற்சியாளர் ரால்ஃப் ஜோன்ஸ் 1930-களின் தொடக்கத்தில் பழைய 'டி' அமைப்போடு பக்கவாட்டில் ஓடும் ஒருவரைச் சேர்த்தார். கிளார்க் ஷானெசியும் ஜார்ஜ் ஹாலஸும் அதை மேலும் செப்பம் செய்தார்கள். 1940 டிசம்பர் 8 அன்று தேசியக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டியில் சிகாகோ பேர்ஸ், வாஷிங்டனை 73–0 என்று வென்றது. ஒருவர் மட்டும் ஓடலாம், முன்னோக்கி ஓடக் கூடாது என்ற அந்தக் குறுகலான சந்துக்குள்தான் அத்தனையும் நிகழ்ந்தன.

*

இனி, முக்கியமான எதிர்வாதத்திற்கு வருவோம். கனடாவில் இதே ஆட்டத்தின் உடன்பிறப்பு ஒன்று ஆடப்படுகிறது. அங்கே கோட்டிற்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கைத் தவிர அனைவரும் ஸ்னாப்பிற்கு முன் எத்திசையிலும் ஓடலாம். முன்னோக்கியும் ஓடலாம். நான்கைந்து பேர் அலைபோல் ஓடிவந்து, கோட்டைத் தொடும் கணத்தில் பந்து எடுக்கப்படும் காட்சி மிக வசீகரமானது. அங்கே யாரும் இதனால் செத்துவிழவில்லையே, பிறகு அமெரிக்கர்கள் மட்டும் ஏன் 1905-இன் பேய்க்கு அஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்?

வலுவான கேள்விதான். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, கனடிய ஆட்டத்திலும் கோட்டில் இருக்கும் பருத்த உடல்கள் அசைவதில்லை. ஓடிவருபவர்கள் பந்தைப் பெறப்போகும் ஒல்லியான ஓட்டக்காரர்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆளை இடிக்க வருவதில்லை, விலகி ஓடத்தான் வருகிறார்கள். இரு கோடுகளுக்கும் இடையே ஒரு முழுக் கஜம் இடைவெளியும் உண்டு. ஆகவே ஆப்பின் ஆபத்தை அவர்கள் வேறு வழியில் அடைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கனடாவில் தாக்கும் அணிக்குப் பத்துக் கஜம் முன்னேற மூன்றே வாய்ப்புகள், அமெரிக்காவில் நான்கு. கனடாவில் அணிக்குப் பன்னிருவர். ஆடுகளத்தின் அகலம் 65 கஜம். அமெரிக்க ஆடுகளமோ 53 கஜத்தைச் சற்றே தாண்டுவது. ஒரு வாய்ப்பு குறைவு என்பதற்கு ஈடாக ஓட்டத்தின் சுதந்திரம் அங்கே தரப்பட்டிருக்கிறது. ஒரு மொழியின் வேற்றுமை உருபை மட்டும் பிடுங்கி இன்னொரு மொழியில் நட்டால் அது முளைக்காது. விதிகளும் அப்படித்தான், ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. கனடாவின் ஓட்டத்தைக் கேட்பவர்கள் அதன் மூன்று வாய்ப்புகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்பதில்லை.

*

உயிராபத்து ஒரு காரணம். இன்னொரு காரணம் நீதி. மேலே சொன்ன ஏற்றத்தாழ்வை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்வோம். பந்து எப்போது எடுக்கப்படும் என்பது தாக்கும் அணிக்கு மட்டும் தெரிந்த இரகசியம். 'இரண்டாம் ஒலியில்', 'மூன்றாம் ஒலியில்' என்று அவர்கள் முன்பே பேசி வைத்திருப்பார்கள். காலம் அவர்கள் கையில். காலத்தையும் வைத்துக்கொண்டு இயக்கத்தையும் வைத்துக்கொண்டால் எதிரில் நிற்பவனுக்கு என்ன மிஞ்சும்? ஆகவே விதி பங்கு பிரிக்கிறது. தொடங்கும் நேரத்தை அறிந்தவன் நிற்க வேண்டும், அறியாதவன் அசையலாம். நம் சடுகுடுவில் பாடிச் செல்பவனை மூச்சு கட்டுவதுபோல, இங்கே தாக்குகிறவனை அசையாமை கட்டுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் தம் குரலால் எதிரணியை ஏமாற்றலாம். குரலின் ஏற்ற இறக்கத்தை மாற்றி, பந்து வரப்போகிறது என்று நம்பவைத்து, அவர்களைக் கோட்டைத் தாண்டச் செய்யலாம். ஏரன் ராட்ஜர்ஸ் இதில் பெயர் பெற்றவர். அதே குவார்ட்டர்பேக் தலையையோ தோளையோ வெடுக்கென்று அசைத்து ஏமாற்றினால் குற்றம். சொல்லால் மயக்கலாம், உடலால் மயக்கலாகாது. சொல்லை நம்புவதா வேண்டாமா என்று சிந்திக்கக் கேட்பவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. உடலின் அசைவைக் கண்டதும் எதிர் உடல் சிந்திக்காமல் பாய்ந்துவிடும். அந்த அனிச்சையைச் சுரண்டலாகாது என்று விதி கருதுகிறது போலும். இலக்கியம் படிப்பவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குரல் இருக்கும் இடத்தில் கேட்காமையும் ஒரு பங்கு வகிக்கிறது. 2005 நவம்பரில் சியாட்டில் அரங்கில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி ஒரே ஆட்டத்தில் பதினொரு முறை ஃபால்ஸ் ஸ்டார்ட் குற்றத்திற்கு ஆளாயிற்று. எதிரணி எதுவும் செய்யவில்லை. பார்வையாளர்களின் கூச்சலில் தம் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காமல் ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள். இதற்கு மறுபுறம் ஒன்றும் உண்டு. ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடிக் குனிந்து உத்தி பேசும் வழக்கம், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் 1890-களில் பால் ஹப்பர்ட் என்ற குவார்ட்டர்பேக்கால் தொடங்கப்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. தம் சைகை மொழியை எதிரணி படித்துவிடாதிருக்க அவர்கள் உடல்களால் சுவர் எழுப்பினார்கள். இன்று அந்த வட்டம் கலைந்து எல்லோரும் இடம் சேர்ந்தபின்னும் அதே ஒரு நொடி நிற்க வேண்டும்.

*

இன்றைய நிலைமைக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளில் ஸ்னாப்பிற்கு முந்தைய ஓட்டம் ஆட்டத்தின் நடுநாயகமாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் கன்சாஸ் சிட்டி அணி கடைசிக் காற்பகுதியில் ஒரே உத்தியை இருமுறை கையாண்டது. ஓரத்தில் நிற்பவர் உள்நோக்கி ஓடத் தொடங்குவார், தடுப்பவர்கள் தமக்குள் ஆள்மாற்றிக்கொள்ளும் அந்தத் தருணத்தில் அவர் சட்டென்று திரும்பி வெளிநோக்கி ஓடுவார், பந்து எடுக்கப்படும். இருமுறையும் பந்தைப் பெற்றவரைச் சுற்றி ஒருவர்கூட இல்லை. முதலில் வலப்பக்கம் கடேரியஸ் டோனி, பிறகு இடப்பக்கம் ஸ்கை மூர். 38–35 என்ற கணக்கில் கன்சாஸ் சிட்டி வென்றது. ஒருவருக்கு மட்டும், பக்கவாட்டில் மட்டும் என்ற இரு கட்டுகளுக்குள் நின்றுகொண்டே எழுதப்பட்ட நல்ல வெண்பா என்று அதைச் சொல்வேன்.

அதே 2023-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணி வேறொன்றைப் பரப்பியது. டைரீக் ஹில் போன்ற அதிவேக ஓட்டக்காரர் ஸ்னாப்பிற்குச் சற்று முன் ஓரம் நோக்கிக் குறுகிய ஓட்டம் ஒன்றைத் தொடங்குவார். பந்து எடுக்கப்பட்டதும் அந்த வேகத்தோடே முன்னோக்கி வளைவார். செப்டம்பரில் டென்வருக்கு எதிராக அவ்வணி 70 புள்ளிகள் குவித்தது. அந்த ஓட்டத்திற்கு ரசிகர்கள் வைத்த பெயரிலேயே 'ஏமாற்று' என்ற சொல் இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும்வரை அது குற்றமன்று. ஆனால் பக்கவாட்டு ஓட்டம் எந்தக் கணத்தில் முன்னோக்கி வளைகிறது? ஸ்னாப்பிற்கு ஓர் இமைப்பொழுது முன்னா, பின்னா? ராக்னியின் கால்கள் தரையைத் தொட்டனவா என்று அன்று கேட்கப்பட்ட அதே கேள்வி புதிய உடையில் வந்து நிற்கிறது.

என் கருத்து இதுதான். பக்கவாட்டில் ஓடுபவரைத் தடுக்க வேண்டியதில்லை. அவர் நூறாண்டு வழக்கால் பெற்ற உரிமையாளர். ஆனால் அந்த அரையடி முன்னோக்கிய சாய்வை நடுவர்கள் கண்டும் காணாமல் விடக் கூடாது. அந்த ஒரு நொடியை முக்கால் நொடியாகச் சுருங்க விடக் கூடாது. எவர் கையிலும் அதை அளக்கக் கடிகாரம் இல்லை. நடுவரின் கண்ணும் மனமும்தான் அளவுகோல். அப்படிப்பட்ட விதி எழுத்தில் மாற்றப்படுவதால் அழிவதில்லை. பழக்கத்தில் தளர்வதால் அழிகிறது. அதிகப் புள்ளிகள் விழுந்தால் அதிகம் பேர் பார்ப்பார்கள், அதிகம் பேர் பார்த்தால் விளம்பரத் தொகை பெருகும் என்ற கணக்கு எப்போதும் தளர்வின் பக்கமே நிற்கும். விறுவிறுப்பான ஓர் ஆட்டத்தில் அரையடிக்காக ஊதல் ஊதும் நடுவருக்குக் கைதட்ட ஆளில்லை.

அப்படி ஒரு தளர்வுக்கு உதாரணம் கையருகிலேயே இருக்கிறது. 1910-இல் மரணங்களுக்குப் பின் விலக்கப்பட்ட 'தள்ளுதல்', தேசியக் கால்பந்து லீக்கில் 2005-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளும் ஆட்டத்தைத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. 2025 மே மாதத்தில் அதைத் தடைசெய்யும் முன்மொழிவுக்கு 24 அணிகளின் ஆதரவு தேவைப்பட்டது, 22 கிடைத்தது. அந்த ஆட்டத்தால் அதிகக் காயம் நேர்ந்தது என்று காட்ட முடியவில்லை என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். நேரும்வரை காத்திருப்பதுதான் சான்று என்றால், 1905-ஐ நாம் படித்த பயன் என்ன?

மறுதிசையில் நம்பிக்கையூட்டும் உதாரணமும் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை, டிலாண்டின் ஆப்பு பிறந்த அதே தருணம், வெகுகாலம் மிக அபாயமானதாக இருந்தது. இரு கூட்டங்கள் நெடுந்தொலைவு ஓடிவந்து முழு வேகத்தில் மோதுவார்கள். லீக் 2009-இல் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த ஆப்புத் தடுப்பை விலக்கியது. 2018-இல் உதைக்கும் அணியின் முன்னோட்டத்தையும் எல்லா ஆப்புகளையும் விலக்கியது. 2024-இல் இன்னும் ஓரடி போனது. இரு தரப்பு ஆட்டக்காரர்களையும் அருகருகே எதிரெதிராக நிறுத்தி, பந்து தரையைத் தொடும்வரை அல்லது அதைப் பிடிக்க நிற்பவரின் கையில் சேரும்வரை எவரும் அசையக் கூடாது என்று விதித்தது. உதைப்பவருக்கும் பந்தைப் பிடிப்பவர்களுக்கும் மட்டும் விலக்கு. அந்த ஆண்டில் உதைகளின்போது நேரும் மூளை அதிர்வுகள் குறைந்தன என்று லீக் அறிவித்தது. மறு ஆண்டு அவ்விதி நிலையாக்கப்பட்டது. உடல்களைக் காக்க அவர்கள் கண்ட புதிய வழி பழைய வழியே. நில், பிறகு ஓடு.

*

இந்த விதி எல்லாவற்றையும் காத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டராகப் புகழ்பெற்ற மைக் வெப்ஸ்டர் பதினேழு பருவங்கள் ஆடியவர். பந்தின் மீது கை வைத்து, விதி சொன்னபடி அசையாது நின்று, ஸ்னாப் ஆனதும் எதிரில் இருப்பவனோடு தலை மோதியவர். 2002-இல் தம் ஐம்பதாம் வயதில், நினைவும் நிதானமும் சிதைந்த நிலையில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு 2005-இல் வெளியிட்ட கட்டுரை, தொடர் மோதல்கள் மூளையில் விளைவிக்கும் சிதைவை அமெரிக்காவின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. ஒரே அடியில் வந்த மரணத்தை விதி தடுத்தது. ஆயிரம் சிற்றடிகளில் மெல்ல வந்த மரணத்தைத் தடுக்கவில்லை. அதற்கு வேறு விதிகள் வேண்டும், ஒருவேளை வேறு ஆட்டமே வேண்டும். அந்த விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை.

ஆனாலும் அந்த ஒரு நொடி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வன்முறையைத் தன் இயல்பாகக் கொண்ட ஓர் ஆட்டம், அந்த வன்முறைக்குள் நுழையும் வாசலில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறது. வலிமையும் வேகமும் நேரத்தின் இரகசியமும் கையில் இருப்பவன், தன் எதிரி தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு நொடி தருகிறான். 'நான் இங்கே நிற்கிறேன், இப்படி நிற்கிறேன், இனி வரப்போகிறேன்' என்று அவன் உடல் சொல்கிறது. பதுங்கிப் பாய்வதற்கும் எதிர்நின்று பொருவதற்கும் உள்ள தொலைவு அந்த ஒரு நொடிதான். அது விட்டுப்போனால் ஆட்டத்தில் வேகம் கூடும், புள்ளிகளும் கூடும். மிஞ்சுவதை ஆட்டம் என்று அழைக்க எனக்கு மனம் வராது.

என் மாணவருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. அந்த எண்பது கஜ ஓட்டம் அழிக்கப்பட்டதில் அநீதி எதுவும் இல்லை. ஓடியவன் திறமை குறைந்தவன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஓட்டத்திற்கு வழி திறந்துவிட்ட அரையடி திருடப்பட்டது என்றுதான் சொன்னார்கள். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்து பறக்கும் திசையைச் சற்று மறந்துவிட்டு, அது எடுக்கப்படுவதற்கு முந்தைய நொடியில் பதினொருவரின் தோள்களையும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நண்பர்களுக்கும் அதையே சொல்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் எழுதினால் மகிழ்வேன்.